இனிஷியல்

செல்லூர் அறுபதடி ரோட்டில்
பழைய இரும்புக் கடைத் தராசில்
பெட்டியை ஏற்றினோம்.
இருபத்தாறரை.
ஜலால் பாய் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு
"மூணரை கிலோ கூட இருக்கும்மா,
எதை எனக்குப் போடப் போறே?" என்றார்.

இலக்கணப் புத்தகத்தை எடுத்தேன்.
அம்மா அதைத் திரும்ப வைத்துவிட்டு
இட்லிப் பொடியை எடுத்தாள்.
நான் பொடியைத் திரும்ப வைத்தேன்.
இஸ்திரிப் பெட்டி, இரண்டு ஜோடிச் செருப்பு,
யாரோ பரிசளித்த தடித்த அகராதி,
இவை வெளியே வந்தன.
முதல் நாள் வகுப்பில்
சுருக்கங்களோடுதான் நிற்பேன்.

டிகிரிச் சான்றிதழில்
பேச்சியம்மாளுக்கு நடுவே ஒரு 'டி'.
ஆதாரில் அந்த டி இல்லை.
இரண்டும் ஒருத்திதான் என்று
கோர்ட் வாசல் வேப்பமரத்தடியில்
நோட்டரி முத்திரை குத்த முன்னூறு ரூபாய்.
மதுரையில் இத்தனை விலைக்கு
யாரும் டீ குடித்ததில்லை.

விசாரணைக்கு வந்த போலீஸ்காரர்
வாசலிலேயே நின்று கேட்டார்,
"அப்பா எங்கே?"
அம்மா தையல் மெஷினை நிறுத்தாமல்
"தேனியில" என்றாள்.
அவர் எழுதிக்கொண்டார்: வெளியூர்.

மாடி வீட்டுத் துளசிராம்தான்
என் மாதிரி வகுப்பு மொத்தமும்.
பீரோக் கதவு கரும்பலகை.
வீட்டுக்குள் சௌராஷ்டிரம்,
படி இறங்கினால் தமிழ்,
ஸ்கூல் வேன் ஏறினால் இங்கிலீஷ்,
எட்டு வயது.
உலகத்தில் ஒன்றே ஒன்று என்றால்
முன்னால் 'தி' போட வேண்டும் என்றேன்.
"சூரியனுக்கு தி இருக்கு.
நிலாவுக்கு இருக்கு.
மதுரைக்கு ஏன் மிஸ் இல்ல?"
ஊர்ப் பெயருக்குப் போடுவதில்லை.
"அப்ப ரெண்டு மதுரை இருக்கா?"

இண்டர்வியூவில் யாரும் இதைக் கேட்கவில்லை.

"வைகைக்கு உண்டு" என்றேன், சமாளிக்க.
ஆறுகளுக்கெல்லாம் உண்டு.
"தண்ணி இல்லாட்டியுமா?"
இல்லாட்டியும்.

மாலத்தீவு என்பது ஊரில்லை,
ஆயிரத்துச் சொச்சம் தீவு.
என்னுடையதை
போனில் ஆறு தடவை விரித்தால்தான்
மணல் நிறத்தில் ஒரு பொட்டுத் தெரிகிறது.
எவ்வளவு பெரிசு என்றாள் அம்மா.
தெப்பக்குளத்து நடு மண்டபத்தை நினைச்சுக்கோ,
அதைவிடக் கொஞ்சம் பெரிசு என்றேன்.
பஸ் கிடையாது.
அரை மணி நடந்தால் ஊர் முடிந்துவிடும்.
"சுத்தி வந்தா கிளம்பின இடத்துக்கே வந்துருவியா?"
ஆமா.
"அப்ப தொலைஞ்சு போக மாட்டே"
என்று சொல்லி நூலைப் பல்லால் கடித்தாள்.

நேற்று கடிதம் வந்தது.
டியர் மிஸ் இருளாண்டி.

பன்னிரண்டு வருஷமாக
அவர் எங்களுக்கு ஓர் எழுத்து,
பக்கத்தில் ஒரு புள்ளி.
ரேஷன் கார்டிலிருந்துகூட எடுத்தாயிற்று.
பாஸ்போர்ட்தான் புள்ளியை ஏற்கவில்லை.
விரித்து எழுது என்றது.
மூலையில் சுருட்டிக் கிடந்த பாயை
விரிப்பதுபோல் விரித்தேன்.
தும்மல் வந்தது.

முன்னால் இருந்தவர் இப்போது
என் பின்னால் முழுசாக நிற்கிறார்.
கொழும்பு வழியாக
டிக்கெட் இல்லாமல் வருவார்.
காலை ஏழு மணிக்கு
பதினெட்டுப் பிள்ளைகள் எழுந்து
அவர் பெயரைச் சொல்லி
எனக்கு வணக்கம் சொல்வார்கள்.
உட்காரச் சொல்லிக் கையசைக்க வேண்டும்,
ஒன்றும் நடக்காத மாதிரி.

"உன்னை அங்க என்னன்னு கூப்பிடுவாங்க?"
மிஸ் என்றேன்.
"வெறும் மிஸ்ஸா?"
வெறும் மிஸ்.
மெஷின் கொஞ்ச நேரம் ஓடவில்லை.
பிறகு ஓடியது.

முதல் பாடம் மை நேம் இஸ்.
அதற்குப் பின் ஒரு கோடு.
பிள்ளைகள் நிரப்புவதற்கு முன்
போர்டில் நான் நிரப்பிக் காட்ட வேண்டும்.
பேச்சி என்றுதான் எழுதப் போகிறேன்.
டி போடுவதா வேண்டாமா,
விமானத்தில் யோசித்துக்கொள்ளலாம்.